பெய்டன் ரௌஸ் சரிதை

மாடுகளைப் பற்றும் வைரஸ்களால் மாந்தர்க்குப் புற்றுநோய் விளையுமோ என்னும் ஐயம் இக்காலத்தில் அறிஞரிடை எழுந்துள்ளது. இத்துறைக்கு முதன்முதல் வழிதிறந்தோருள் ஒருவராகிய பெய்டன் ரௌஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில் 1879ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவராயினும், அன்னையாரின் முயற்சியால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்றார். பிணச்சோதனையின்போது விரலிற் பட்ட காயத்தின் வழியே காசநோய் பற்றவே, படிப்பை நிறுத்தி, டெக்ஸாஸ் மாகாணத்து மாட்டுப் பண்ணையொன்றில் உழைத்து உடல் தேறினார். 1905இல் பட்டம் பெற்றார்.

1909இல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் அமர்ந்தார். மார்பிற் கட்டியுடைய கோழியொன்று அங்கே அவரிடம் கொணரப்பட்டது. அக்கட்டியை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் கடக்கவியலா வடிகட்டியில் வடித்து, அந்நீரை நலமுள்ள கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றினும் அத்தகைய கட்டியே தோன்றிற்று. வைரஸ் புற்றை விளைக்கவல்லது என்பதற்கு 1911இல் அவர் வெளியிட்ட இம்முடிவு சான்றாயிற்று.

ஆயினும் அறிஞர் பலர் நம்பினாரல்லர். பறவைக்கு நேர்ந்தது பாலூட்டிக்கும் நேருமோ என ஐயுற்றனர். ரௌஸ் எலிகளில் தேடியும் அத்தகைய வைரஸ் கிட்டவில்லை. அவர் யாரொடும் பூசலிடாது வேறு பணியிற் புகுந்தார். குருதியைப் பல நாள் கெடாது காக்கும் கரைசலொன்றை டர்னர் என்பாருடன் வகுத்தார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்க்கு அது பெரிதும் உதவிற்று. 1933இல் ஷோப் என்பார் காட்டு முயலின் மருக்களுக்கு வைரஸே காரணமெனக் காட்டினார். அதன்பின் ரௌஸ் பழைய ஆராய்ச்சிக்கு மீண்டு, அம்மருக்கள் புற்றாக மாறுதலை நிறுவினார். 1966இல், தமது 87ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் காலமானார்.

பிறரது ஐயத்தால் நெடுங்காலம் காத்திருந்த இவரே, மரபணு மாறுதலால் புற்று உண்டாகும் என்னும் கொள்கையை ஏற்க மறுத்தார். அவர் மறைந்தபின், 1976இல், அவர் கண்ட கோழி வைரஸைக் கொண்டே அக்கொள்கைக்கு வலிய சான்று கிடைத்ததென்பது வியப்பேயாம். பெரியோரும் ஒருபால் கண்டு ஒருபால் காணாதொழிவர் போலும்!

மாடுகளுக்கு ஒருவகை இரத்தப்புற்றை விளைக்கும் வைரஸ் 1969இல் கண்டறியப்பட்டது. மாந்தரின் மார்பகப் புற்றில் சிலர் அதன் சுவடுகளைக் கண்டனர். வேறு சிலர் தேடியும் காணவில்லை. தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை. காய்ச்சிய பாலிலோ அவ்வைரஸ் செயலிழந்துவிடும். ஆதலின் வீணே அஞ்சுதலும் வேண்டா, ஆராயாது இகழ்தலும் வேண்டா. சான்று வருமளவும் பொறுத்திருத்தலும், வந்தபின் பழங்கருத்தை விடுதலும் மாணவராகிய நாம் இவர்பாற் கற்கத்தக்கனவாம்.