குளிர்சாதன நாயகன் வில்லிஸ் கேரியர்



மழைக்காலத்தில் இந்தப் பலகையில் ஒட்டுற சார்ட் பேப்பர் எப்படி நெளிஞ்சு போகுதுன்னு பார்த்திருப்பீங்க. காற்றில் உள்ள ஈரத்தைக் காகிதம் குடிச்சிடுது. இதே தொல்லையில் இருந்துதான் ஏ.சி. பிறந்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவரைப் பற்றி எழுதுகிறேன்.

வில்லிஸ் கேரியர் 1876 நவம்பர் 26-ல் அமெரிக்காவில் அங்கோலா என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசில் அவருக்குப் பின்னக் கணக்கு சுத்தமா வராது. (என்னை மாதிரியேதான்!) அவர் அம்மா ஆப்பிள்களை எடுத்து வரச் சொல்லி, பாதி, கால், அரைக்கால் என்று வெட்டிக் கூட்டவும் கழிக்கவும் வைத்தார். கணக்கு புரிந்துவிட்டது. ஆனால் அவருடைய 11-வது வயதில் அம்மா இறந்துவிட்டார். அம்மா காட்டிய வழி மட்டும் கடைசிவரை கூடவே வந்தது. பெரிய சிக்கலா? சின்னத் துண்டுகளாக வெட்டிப் பார்!

1901-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று ஒரு கம்பெனியில் சேர்ந்தார். 1902-ல் புரூக்ளின் நகர அச்சகம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அங்கே ஒவ்வொரு வண்ணமாக அச்சடிப்பார்கள். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியதால் ஒரு வண்ணம் ஓரிடத்திலும் அடுத்த வண்ணம் வேறிடத்திலும் விழுந்தது. கேரியர் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினார். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்குமே, அதுபோல காற்றின் ஈரம் குழாயில் துளியாக இறங்கியது. காற்று குளிர்ந்தது, ஈரமும் குறைந்தது. அப்போது அவருக்கு வயது 25தான்! 1906-ல் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

முதல் உலகப்போர் வந்ததும் கம்பெனி இந்த வேலையே வேண்டாம் என்று நிறுத்தியது. கேரியர் மனம் தளரவில்லை. 1915-ல் ஆறு நண்பர்களோடு கையிலிருந்த பணத்தைப் போட்டு, 32,600 டாலரில் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கிறது. அதன் பிரதிநிதிகள் சபை 1857 முதல் கூடிவரும் மன்றம் கட்டடத்தின் நடுவில் இருப்பதால் வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. அடித்தளத்தில் நீராவியால் ஓடும் பெரிய விசிறிகள் வைத்துக் காற்றை மேலே அனுப்பினார்கள். குளிர்காலத்தில் அதைச் சூடாக்கி அனுப்பலாம். கோடையில்? வெளியே இருக்கிற புழுக்கம்தான் உள்ளேயும் வரும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் ஈரம் போகாதே! பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு, 1928-ல் பிரதிநிதிகள் சபைக்கும் 1929-ல் செனட் சபைக்கும் கேரியர் நிறுவனத்தின் குளிர்சாதனம் வந்தது. அச்சகக் காகிதத்துக்காகச் செய்த யோசனை நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய்விட்டது பாருங்கள்!

1950 அக்டோபர் 7-ல் கேரியர் மறைந்தார்.

எல்லாரும் காற்று சூடா இருக்குன்னு மட்டும் பார்த்தாங்க. அவர் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். அது அம்மாவின் ஆப்பிள் பாடம்தான். இப்போ எனக்கும் பின்னம் வரலன்னா தோசையைப் பிட்டு வெச்சுக் கணக்குப் போடுறேன். கணக்கு வரலன்னு அழாதீங்க தோழிகளே, வெட்டிப் பாருங்க!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி