ஒரே கோயில், நடுவே ஒரு சுவர்: யார் இந்தக் கனகராய முதலியார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவளக்குப்பத்தில் பஸ் ஏறி புதுச்சேரி பக்கம் போனால், சுண்ணாம்பாறு தாண்டி, நோணாங்குப்பம் தாண்டி, அரியாங்குப்பத்தில் பூசைக்குப் போகிறவர்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம். அங்கே இருக்கும் மாதா கோயிலின் கதை 1690-களில் தொடங்குகிறது. புதுவை வட்டாரத்தில் தமிழர்கள் ஒரு சபையாகக் கூடி கிறிஸ்தவர்களாக வாழத் தொடங்கி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கூடி வழிபடுவது என்றால் என்ன? ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் போதுமா, பக்கத்தில் உட்கார வேண்டாமா, சேர்ந்து சாப்பிட வேண்டாமா? கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கேள்விக்காக 1745-இல் பாண்டிச்சேரியே கொதித்துப் போனது. அந்தக் கதைக்கு நடுவில் நிற்பவர் பெத்ரோ கனகராய முதலியார்.

அவர் செய்த வேலை என்ன?

தலைமை துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுப்பது, வியாபாரிகளோடு விலை பேசுவது, கவர்னர் உத்தரவை ஊருக்குச் சொல்வது, ஊர் வழக்கை கவர்னரிடம் கொண்டுபோவது எல்லாமே இவர் வழியாகத்தான் நடக்கும். வியாபாரத்தில் தரகும் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அடுத்து அதிகாரம் உள்ள தமிழர் என்றால் அந்தப் பதவியில் இருப்பவர்தான்.

குடும்பத்தின் மூத்தவர் தானப்ப முதலியார், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து 1674-இல் புதுவைக்கு வந்தவர். பிரான்சுவா மர்த்தேன் பாண்டிச்சேரியை ஒரு வியாபார ஊராக எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. வேளாளக் குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம். இந்த இரண்டு அடையாளங்களும் கனகராயரின் வாழ்க்கையில் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன.

பதவி எப்படிக் கிடைத்தது?

இங்கே கொஞ்சம் நெருடலான ஒரு அத்தியாயம் இருக்கிறது. அவருக்கு முன்னால் துபாஷியாக இருந்தவர் நைனியப்ப பிள்ளை, இந்து. அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று சேசு சபைக் குருக்கள் வருஷக்கணக்காக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் நைனியப்பர் கைதானார். சவுக்கடியும் சிறையும் தண்டனையாகக் கிடைத்தன. 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார். அவருடைய இடத்துக்கு வந்தவர் கனகராயர்.

பிறகு அந்தத் தீர்ப்பே தவறு என்று பிரான்சில் முடிவானது. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து துபாஷி ஆனார். 1724-இல் அவர் இறந்ததும் பதவி மறுபடி கனகராயரிடம் வந்தது. அதன்பின் சாகும்வரை அவர்தான்.

ஆக, மதம் என்பது அன்றைய பாண்டிச்சேரியில் மனசுக்குள் இருக்கிற விஷயம் மட்டும் இல்லை. அது பதவி, வருமானம், குருமார்களின் ஆதரவு எல்லாமும்தான். அதற்காக கனகராயரின் பக்தி பொய் என்று சொல்லிவிட முடியாது. பொய்யென்று காட்டும் ஆதாரமும் எதுவும் இல்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பகுதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்துதான். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, சாகும் வருஷமான 1761 வரை எழுதியவர். ஆனால் ஒரு எச்சரிக்கை. ரங்கப்பிள்ளை நைனியப்பரின் நெருங்கிய சொந்தக்காரர். கனகராயரின் பதவி மேல் அவருக்கே ஒரு கண் இருந்தது. போட்டியாளர் எழுதிய டைரியை வைத்து ஒருவரை எடை போடுகிறோம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

சம்பா கோவிலுக்குள் சுவர் ஏன் இருந்தது?

சேசு சபையாரின் புனித பவுல் ஆலயத்துக்கு ஊரில் சம்பா கோவில் என்று பெயர். சாம் பாவுல் என்ற போர்த்துக்கீசிய உச்சரிப்பு நம் வாயில் சம்பா ஆகிவிட்டது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் மாதா பேராலயத்தையும் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அன்றைய கோயிலுக்கு உள்ளே ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு.

இதைத் தமிழர்கள் மட்டுமே செய்துகொண்ட ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. உள்ளூர் வழக்கத்தை விட்டுக்கொடுத்தால்தான் மேல்சாதியினர் சபைக்கு வருவார்கள் என்பது மதுரை மிஷன் காலத்திலிருந்தே சேசு சபையின் வழி. ரோமில் இதை எல்லோரும் ரசிக்கவில்லை. போப் அனுப்பிய துர்னோன் என்ற பிரதிநிதி 1703-இல் பாண்டிச்சேரியில் வந்து இறங்கி, மறு வருஷம் இந்த வழக்கங்களில் பலவற்றுக்குத் தடை போட்டார். நோயாளி பறையர் என்பதற்காகக் குருமார் அவர் குடிசைக்குள் போய் திருவருட்சாதனம் கொடுக்க மறுப்பதும் அவர் கண்டித்த விஷயங்களில் ஒன்று. நாற்பது வருஷம் வழக்கு இழுத்தது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் கடைசி முடிவைச் சொன்னார், தடை தடைதான் என்று. ஆனால் அதிலேயே ஒரு விநோதமும் இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று தனியாகக் குருமார்களை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு அனுமதி கிடைத்தது. பிரிவினையை விடச் சொன்ன கடிதத்திலேயே இன்னொரு பிரிவினை!

1745 அக்டோபரில் என்ன நடந்தது?

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரண்டு பெரிய குருவிடம் போனார்கள். அவர்கள் கேட்டது சுருக்கமான விஷயம்தான். நாங்களும் கிறிஸ்தவர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் சுவர்? கடவுள் வேற்றுமை பார்ப்பதில்லை என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? குரு அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியாமல் சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள். எல்லாச் சாதி ஆண்களும் பெண்களும் கலந்து உட்கார்ந்து பூசை பார்த்தார்கள்.

ரோமின் முடிவு வந்த அடுத்த வருஷமே இது நடந்திருப்பதைப் பார்த்தால், குருமார்களுக்கு மேலிருந்து வந்த அழுத்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் முதலில் போய்க் கேட்டது ரோம் இல்லை, சுவருக்குப் பின்னால் இருந்த ஜனங்கள். அவர்களில் ஒருவருக்கும் வரலாற்றில் கனகராயருக்கு இருப்பது மாதிரி ஒரு முழு வாழ்க்கைக் கதை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து நடந்தது சிக்கலைப் பெரிதாக்கியது. கனகராயரின் சொந்தக்காரப் பெண் ஒருவர் நகை போட்டு, வாசனை பூசி, மெல்லிய மஸ்லின் உடுத்திக் கோயிலுக்கு வந்தார். நம் ஊரில் நல்ல இடத்துக்குப் போகிற பெண் அப்படித்தானே போவாள்? குருவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவரைக் கேவலமாகத் திட்டி விரட்டினார். சுவர் இடிந்த கோபமும் இந்த அவமானமும் சேர்ந்து சாதிக் கிறிஸ்தவர்கள் பொங்கி எழுந்தார்கள். குருவிடமே நேருக்கு நேர் வாக்குவாதம் நடந்தது. விஷயம் கவர்னர் துய்ப்ளேவிடம் போனது. கும்பல் கூடிப் பேசினால் பிடித்து உள்ளே போடு என்று உத்தரவு வந்ததும் சத்தம் அடங்கியது.

ஒன்றைக் கவனிக்கலாம். சுவரை எடுக்கச் சொன்ன அதே குருதான் ஒரு பெண்ணைச் சபை நடுவே அவமானப்படுத்தியவர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கோடு போட்டுப் பிரிக்க இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. கனகராயருக்கோ இரண்டு பக்கமும் இடி. குருமார்களின் ஆதரவில் வளர்ந்தவர் அவர். கோபத்தில் நின்றவர்களோ அவருடைய உறவும் சாதி ஜனமும்.

உழவர்கரை விருந்து

அந்தச் சமயத்தில் கனகராயர் ஒரு கோயிலைக் கட்டி முடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகன், வேலவேந்திரன். 1739-இல் 21 வயதில் இறந்துபோனான். அவன் நினைவாக உழவர்கரையில், இன்று ரெட்டியார்பாளையம் என்று நாம் சொல்லும் இடத்தில், அப்பா எழுப்பியதுதான் புனித அந்திரேயா ஆலயம்.

1745 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். சுவர் இடிந்து ஆறே வாரம் ஆகியிருந்தது. கனகராயர் ஊரையே விருந்துக்கு அழைத்தார். பிராமணர், வேளாளர், செட்டிமார், கோமுட்டி, நெசவாளர் என்று எல்லாச் சாதியும். ஐரோப்பியர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும். கவர்னர் துய்ப்ளே மனைவியோடு வந்தார். சாப்பாடு எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பிராமணருக்குப் பிராமணர் சமைத்தார்கள், மற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் வழக்கப்படி. சத்திரம், தோட்டம் என்று இடங்களையும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். யாருடைய ஆசாரத்துக்கும் பங்கம் வராத ஒரு பிரமாண்ட ஏற்பாடு.

ஊரே மெச்சியிருக்கும் என்று நினைப்போம். ரங்கப்பிள்ளை மெச்சவில்லை. இவ்வளவு செலவு செய்தும் இதில் பெருமை இல்லை என்பது அவர் கணக்கு. கிறிஸ்தவராகிவிட்டவர் தன் மதத்து வழக்கப்படி ஐரோப்பியர்களோடும், கிறிஸ்தவர்களோடும், பறையர்களோடும் சேர்ந்து உண்டு விருந்து நடத்தியிருக்க வேண்டும். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனவர் பழைய மதத்து ஆசாரத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள் என்கிறார். சமத்துவத்தில் பிள்ளைக்கு ஒன்றும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. பொறாமையும் கலந்திருக்கலாம். ஆனாலும் பந்தியில் இருந்த முரணை நேராகச் சுட்டிக் காட்டியது ஒரு குருவோ ஒரு கிறிஸ்தவரோ இல்லை, பக்கத்து வீட்டு வைணவர்.

கனகராயர் பக்கமிருந்தும் கொஞ்சம் யோசிக்கலாம். செத்துப்போன பிள்ளையின் பெயரில் நடக்கிற விசேஷம். அவருடைய வேலையே எல்லாச் சாதி வியாபாரிகளோடும்தான். ஒரே பந்தி என்று சொல்லியிருந்தால் பாதி ஊர் வந்திருக்காது. யாரும் மனசு நோகாமல் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்புக்குள் கோயில் சுவரும் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் பிரச்சினை.

கடைசி மாதங்கள்

விருந்து முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1746 பிப்ரவரியில் கனகராயர் இறந்தார். மகன் இல்லாததால் சொத்துத் தகராறு வந்தது. ஒரு பக்கம் மனைவி நட்சத்திரம், மறு பக்கம் தம்பி சின்ன முதலி. கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கைத் தீர்த்தது எது தெரியுமா? கவர்னர் அதை ஊர்ச் சாதித் தலைவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் நாட்டு வழக்கப்படி சொத்து தம்பிக்கு, மனைவிக்கு ஜீவனாம்சம் என்று முடித்தார்கள். பூசை ரோம் முறையில், பாகப்பிரிவினை ஊர் முறையில்.

துபாஷி பதவிக்கு மறுபடியும் ஒரு கிறிஸ்தவரைத்தான் போட வேண்டும் என்று குருமார்கள் முயன்றார்கள். இந்த முறை நடக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அந்தச் சுவர் என்ன ஆயிற்று?

சுவருக்குப் பிறகு கட்டடமும் போயிற்று. 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோவிலும் விழுந்தது. இன்றைய பேராலயம் 1791-இல் முடிந்தது. ஆனால் தனித்தனி இடம் என்ற பழக்கம் இந்த வட்டாரத்துக் கோயில்களில் 19-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. புராட்டஸ்டன்ட் சபைகளும் தப்பவில்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

ரொம்பப் பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், கோயிலில் சமமாக நடத்த வேண்டும், இறுதி ஊர்வலம் பொது வழியில் போக வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றும் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 1745-இல் ஒரே இடம் கேட்டவர்களின் வழியில் வந்தவர்கள் 2008-இல் தனி இடமாவது கொடுங்கள் என்று கேட்கும் நிலைமை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள்.

உழவர்கரைக் கோயில் இன்றும் இருக்கிறது. தானப்ப முதலியார், கனகராயர், 21 வயதில் போன மகன் வேலவேந்திரன் என்று குடும்பத்தின் கதையைச் சொல்லும் கல்வெட்டு அந்தக் கோயிலுடையதுதான். வில்லியனூர் போகும் சாலையில் ரெட்டியார்பாளையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்.