பூப்பந்து மாவீரர் வோங் பெங் சூன்



மாலை நேரத்தில் லயத்துப் பக்கம் கயிறு கட்டிப் பூப்பந்து ஆடுகிறீர்கள். காற்றடித்தால் பந்து எங்கேயோ ஓடும். அப்போதும் விடமாட்டீர்கள். இதே ஆட்டத்தில், ‘அகில இங்கிலாந்து’ ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் நம்ம மண்ணில் பிறந்தவர்தான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் வோங் பெங் சூன். ஜொகூரில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். அந்நாளில் சிங்கப்பூர், பினாங்கு ஆட்டக்காரர்கள் எல்லோரும் மலாயா என்ற ஒரே அணியில் ஆடினார்கள்.

1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலாயா வெற்றியாளர் பட்டம் அவருக்கே கிடைத்தது. இருபது வயதைத் தாண்டிய இளைஞர். உடம்பில் முறுக்கு ஏறியிருந்த காலம். அந்த நேரம் பார்த்துத்தான் ஜப்பான்காரன் வந்தான். நம்மவர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன அதே கொடிய காலம். சோற்றுக்கு வழியில்லாதபோது போட்டி ஏது, பந்து ஏது? ஒரு விளையாட்டு வீரனுக்குப் பொன்னான அந்த ஆண்டுகள் வீணாகக் கழிந்தன. எண்ணிப் பாருங்கள், வேறொருவராக இருந்தால் மட்டையை மூலையில் போட்டிருப்பார்.

1947இல் போட்டி மீண்டும் தொடங்கியது. வயது முப்பதை ஒட்டியிருந்தும் பட்டம் மறுபடி அவர் கைக்கே வந்தது.

1949இல் முதன்முதலாகத் தாமஸ் கிண்ணப் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் மலாயா 8-1 என்று டென்மார்க்கைச் சாய்த்தது. அந்த அணியின் தூண்களில் ஒருவர் வோங். ஆனால் அதே ஆண்டு அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் அமெரிக்கரான டேவிட் ஃபிரீமனுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு, 1950இல், லண்டனில் அதைப் பிடித்தார் வோங். 1951, 1952இலும் விடவில்லை. பணப்பரிசு ஒரு காசு கிடையாது, கிண்ணமும் பேரும்தான்.

அவர் எப்படி ஆடினார் தெரியுமா? ஓடி விழுந்து ஆடுகிறவர் அல்லர். பந்து விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பார். இடப்பக்கம் வரும் பந்தை மட்டையைப் புறங்கையாகத் திருப்பி அடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் பந்து வந்தாலே தடுமாறுகிறார்கள் அல்லவா? அங்கேதான் அவர் புள்ளிகளைச் சேர்த்தார். பார்ப்பவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும். எதிரே நிற்பவருக்கு மூச்சு வாங்கும்.

பிறகு பினாங்கிலிருந்து எடி சூங் கிளம்பினார். குள்ளமான உருவம், துள்ளித் துள்ளி அடிக்கும் இளங்காளை. வோங்கைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். 1953, 1954 இரண்டு ஆண்டும் பட்டம் சூங்குடையது. வோங் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்! 1955இல் நாற்பதை நெருங்கும் வோங் மறுபடி லண்டன் போனார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் அதே எடி சூங். மூன்று சுற்று நீண்ட அந்த ஆட்டத்தில் பெரியவரே வென்றார். நாலாவது பட்டம்! அந்த வயதில் மூன்று சுற்று என்றால் சும்மாவா? போரில் போன ஆண்டுகளுக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1955இல் சிங்கப்பூரில் தாமஸ் கிண்ணத்தை மூன்றாம் முறையாக மலாயா வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். அவர் இல்லாத 1958இல் இந்தோனேசியா 6-3 என்று கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது.

பிற்காலத்தில் பயிற்றுநராகி இளைஞர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 1996 மே மாதம் சிங்கப்பூரில் மறைந்தார். ஜொகூர்க்காரர்கள் எங்கள் ஆள் என்பார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் இல்லை, எங்கள் ஆள் என்பார்கள். இரண்டும் சரிதான்.