கற்றுக்குட்டிகளின் ஆட்டம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், என்னிடம் தமிழ் படித்து இன்று தோட்டமொன்றில் உத்தியோகம் பார்க்கும் அன்பர் ஒருவர் என்னை வலிந்து தம் கிளப்புக்கு அழைத்துச் சென்றார். உடப்புசல்லாவைக்கு அது காற்றுக் காலம். தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு எம் பக்கம் வறட்டுக் காற்றாக வந்து சேரும். கொழுந்துக்கு நல்லது, கிழவர் தொண்டைக்குக் கெட்டது. வெள்ளைத் துரைமார் காலத்துக் கட்டடத்தினுள்ளே பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பழைய பில்லியர்ட்ஸ் மேசையொன்று கிடந்தது. அன்பர் ஒரு கோலை என் கையில் தந்தார். மூலைக் குழிக்கு ஒரு சாண் தொலைவில் இருந்த சிவப்புப் பந்தைக் காட்டி அதனை வீழ்த்துமாறு வேண்டினார். ஊதினாலே விழுந்துவிடும் போலிருந்தது. நான் அடித்த வெள்ளைப் பந்தோ சிவப்பைத் தொடாமலே சென்று, விளிம்பில் மோதி, என்னிடமே திரும்பி வந்தது. அன்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் இப்போது மெய்யான ஸ்னூக்கர் ஆகிவிட்டதாகச் சொன்னார்.

ஸ்னூக்கர் என்பது ஆட்டத்தின் பெயரன்றோ, ஆடுவோனுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று இலக்கண ஐயம் எழுப்பினேன். அச்சொல் முதலில் ஆளையே குறித்தது என்றும், அதற்குப் பொருள் கற்றுக்குட்டி என்றும் அவர் விளக்கினார். முப்பது ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்தவனை மாணாக்கன் கற்றுக்குட்டி என்று அழைத்ததில் எனக்குச் சினம் வரவில்லை. சொல்லின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. அதனைத் தேடப் புகுந்தவன் ஒரு மனிதனின் வரலாற்றில் வந்து நின்றேன்.

அவர் பெயர் நெவில் பிரான்சிஸ் பிட்ஜெரால்ட் சேம்பர்லின். ஹிட்லரோடு உடன்பாடு செய்துகொண்ட பிரதமர் சேம்பர்லின் வேறு. இவருடைய சிறிய தந்தையாரோ பெரிய தந்தையாரோ என எண்ணத்தக்க பீல்டு மார்ஷல் நெவில் சேம்பர்லினும் வேறு. ஒரே பெயருடைய புலவர் மூவரை ஒருவராக்கி மயங்கிய நம் இலக்கிய வரலாற்றாசிரியர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. நம்மவர் 1856ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. மைந்தரும் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் பயின்று, 1873இல், பதினேழு வயதில், டெவன்ஷயர் படைப்பிரிவில் சேர்ந்தார்.

1875ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அப்படைப்பிரிவு மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் இருந்தது. மழைக்காலத்தில் படை அதிகாரிகளுக்கு வேலையில்லை. நீண்ட பிற்பகல்களை உணவுக்கூடத்துப் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றியே கழித்தார்கள். அக்காலத்தில் அந்த மேசையில் ஆடப்பட்டவை பல. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, அதிகம் வீழ்த்துபவன் வெல்வது பிரமிட்ஸ். ஒவ்வொருவனும் தனித்தனி நிறப் பந்து வைத்துக்கொண்டு மற்றவன் பந்தை வீழ்த்தி அவன் உயிரைப் பறிப்பது லைப் பூல். ஒருவனுக்கு மூன்று உயிர். பூல் என்பது ஆட்டக்காரர் ஒன்றாகக் குவித்து வைக்கும் பந்தயப் பணத்துக்குப் பெயராயிருந்து, பின்னர் ஆட்டத்துக்கே ஆயிற்று. இன்று கொழும்பிலும் சென்னையிலும் இளைஞர் சிறிய மேசையில் எண்ணிட்ட பந்துகளைக் கொண்டு ஆடும் பூலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கறுப்புப் பந்து ஒன்றைக் கூட்டிக்கொண்டது பிளாக் பூல்.

சேம்பர்லினுக்கு அப்போது வயது பத்தொன்பது. கறுப்போடு இன்னும் சில நிறங்களையும் கூட்டி, பதினைந்து சிவப்போடு சேர்த்து, நிறத்துக்கொரு மதிப்பும் வைத்துப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. நன்னூல் கற்றோர் இதனை உடனே வழிநூல் என்பர். முன்னோர் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்னோன் வேண்டும் வேறுபாடு சிலவற்றைச் சேர்ப்பதே அதன் இலக்கணம். ஆட்டத்துக்கும் அது சரியாகவே பொருந்துகிறது. நீலமும் பழுப்பும் பின்னர் வந்து சேர்ந்தவை.

பெயர் வந்த வகைதான் சுவையானது. பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர் ஒருநாள் அங்கு விருந்தினராக வந்தார். வுல்லிச் படைக் கல்லூரியில் பயின்றவர். அங்கு முதலாண்டு மாணவரை ஸ்னூக்கர் என்று இழித்து அழைப்பது வழக்கம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். சற்று நேரத்தில் ஆட்டக்காரர் ஒருவர், மூலைக் குழியருகே நின்ற நிறப் பந்தொன்றை வீழ்த்தத் தவறிவிட்டார். சேம்பர்லின் உடனே, அவர் ஒரு முழு ஸ்னூக்கர் என்று உரக்கச் சொன்னார். பிறர் அச்சொல்லின் பொருளைக் கேட்கவே விளக்க வேண்டியதாயிற்று. தவறியவர் முகம் வாடியதைக் கண்டார் போலும். இந்தப் புதிய ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாமே என்று சொல்லித் தம்மையும் அந்த வசையினுள் சேர்த்துக்கொண்டார். ஆகவே ஆட்டத்துக்கே அப்பெயரை வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

வசைச் சொல் ஒன்று பத்தொன்பது வயதுப் பிள்ளையின் நல்லியல்பினால் பொதுப் பெயராயிற்று என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வகுப்பில் தவறிய பிள்ளையைப் பார்த்து நாம் எல்லோருமே கற்றுக்குட்டிகள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. பின்னர் அச்சொல்லின் பொருளும் புரண்டுவிட்டது. எதிராளி தன் பந்தை நேராக அடிக்க இயலாதவாறு இன்னொரு பந்தின் பின்னே ஒளித்துவைக்கும் சூழ்ச்சிக்கு இன்று அது பெயர். நறுமணத்தைக் குறித்த நாற்றம் என்ற சொல் இன்று எதைக் குறிக்கிறதோ, அத்தகைய மாற்றம்.

1876இல் அவர் மத்திய இந்தியக் குதிரைப் படைக்கு மாறினார். ஆட்டமும் அவரோடு சென்றது. 1878இல் தொடங்கிய ஆப்கானியப் போரில் தளபதி ராபர்ட்ஸின் கீழ்ப் பணிபுரிந்து, 1880இல் காந்தகார்ப் போரில் காயமுற்றார். போர்ச் செய்திகளை இங்கு விரிக்கவில்லை. நமக்கு வேண்டியது அதன்பின் நிகழ்ந்தது. 1881இல் ராபர்ட்ஸ் சென்னைப் படையின் தலைமைத் தளபதியானார். கோடை வெயிலுக்கு அஞ்சிய சென்னை அரசு நீலகிரியில் உதகமண்டலத்துக்கு ஏறுவது வழக்கமன்றோ? தளபதியின் மெய்க்காவல் அதிகாரியாகச் சேம்பர்லினும் ஏறினார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டம் பெருவழக்காயிற்று. விதிகள் எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டதும் அங்கேதான். ஜபல்பூரில் பிறந்த பிள்ளைக்கு ஏடு தொடக்கியது தமிழ்நாட்டு மலை என்று சொல்லலாம்.

அந்த அறையை எண்ணும்போதெல்லாம் என் மனக்கண்ணில் சேம்பர்லினுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். குழியில் விழுந்த பந்தை எடுத்துத் தரவும், நிறப் பந்தை அதன் புள்ளியில் திரும்ப வைக்கவும், பலகையில் எண்ணிக்கை குறிக்கவும், பச்சைத் துணியை ஒரே திசையில் துலக்கி இஸ்திரி போடவும் ஒருவர் எந்தக் கிளப்பிலும் இருப்பார். மார்க்கர் என்பது அவர் பட்டம். என் தந்தையார் இளமையில் எங்கள் மலையில் துரைமார் கிளப் ஒன்றில் மார்க்கராக இருந்தவர். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுவார், மாலையில் துவைத்த வெள்ளைச் சட்டையோடு மேசையருகே நிற்பார். நாடு 1948இல் விடுதலை பெற்ற பின்னும் துரைமார் போய்விடவில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் பின்னரே அவர்கள் முற்றாக நீங்கினர். பதினான்கு ஆண்டுகள் அங்கு நின்ற தந்தையார் ஒருநாளும் கோலை ஓங்கி ஒரு பந்தை அடித்ததில்லை. அது அவருக்கு விலக்கப்பட்டிருந்தது. எல்லோருமே கற்றுக்குட்டிகள் என்ற அந்தப் பெருந்தன்மை மேசையைச் சுற்றி நின்றவரோடு முடிந்துவிட்டது. பின்னே நின்றவர் கற்றுக்குட்டியாகக்கூடக் கருதப்படவில்லை.

சேம்பர்லினுக்குத் திரும்புவோம். 1885இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தார். இவர் தளபதி ராபர்ட்ஸ் அல்லர். கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவின் விருந்தில் அவர் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார். ஆட்டம் கடல் கடந்தது. ஆக்கியோன் பெயர் கடக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. காஷ்மீர அரசின் படைச் செயலாளராக 1890 முதல் 1897 வரை இருந்தார். தென்னாபிரிக்கப் போரில் மீண்டும் ராபர்ட்ஸுக்குச் செயலாளரானார். 1900இல் அயர்லாந்துப் பொலிஸ் படையின் தலைமைப் பதவி வந்தது.

பதினாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அடக்கியாளும் அரசின் கருவியாக இருந்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. அயர்லாந்தின் விடுதலை விருப்பம் அவருக்குக் கிளர்ச்சியாகவே தோன்றியது. ஆயினும் அந்த விருப்பத்தின் வலிமையை மேலிடத்தாரைவிட அவர் நன்கு அறிந்திருந்தார். எழுச்சி வரப்போகிறது என எச்சரித்தும் மேலிடம் செவிசாய்க்கவில்லை. 1916 ஏப்ரலில் டப்ளினில் எழுச்சி வெடித்தது. விசாரணைக் குழு அவர் படைமீது குற்றம் காணவில்லை. எனினும் அவர் பதவியை விட்டு விலகினார்.

ஆட்டமோ அவரை மறந்து வளர்ந்தது. 1927இல் தொழில்முறை வீரருக்கான உலகப் போட்டி தொடங்கியது. ஜோ டேவிஸ் தொடர்ந்து வென்றுவந்தார். ஆட்டத்தின் தோற்றம் வுல்லிச் கல்லூரியிலே என்று 1930களில் சிலர் எழுதினர். அப்போதுதான் கிழவர் வாய் திறந்தார். 1938 மார்ச்சில் தி பீல்டு என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி, ஜபல்பூர் மழைக்காலத்தை எடுத்துரைத்தார். வயது எண்பத்திரண்டு, நிகழ்ச்சி நடந்து அறுபத்துமூன்று ஆண்டுகள். அடுத்த ஆண்டு நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கென்சி அவர் கூற்றை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். சிறப்புப் பாயிரத்தில் முதலில் சொல்லவேண்டிய ஆக்கியோன் பெயர் இவ்வாறு கடைசியில் வந்து சேர்ந்தது. 1944 மே 28ஆம் நாள் அஸ்கொட் என்னும் ஊரில் சேம்பர்லின் காலமானார்.

அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், 1973இல், பம்பாயில் நடந்த உலகப் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வென்றார். எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவரே. அச்செய்தி வந்த நாளில் தந்தையார் லயத்து வாசலில் நின்று, லாபீர் எப்படிக் கோல் பிடித்திருப்பார் என்று தம் கைத்தடியால் காட்டியதாக அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது நான் ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போகிறேன். அன்பர் முதலில் பந்தை வீழ்த்தவே விடவில்லை. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டிலுள்ள புள்ளிகளின் மேலே நேராக ஓடவிட்டு, அது எதிர் விளிம்பில் மோதிக் கோலின் நுனிக்கே திரும்பவேண்டும் என்றார். நேராக அடிக்கிறோம் என்று நாம் எண்ணுவது எத்துணைப் பொய் என்று அப்போதுதான் தெரியும். மயிரிழை பக்கம் தட்டினாலும் பந்து வேறிடம் போய்விடுகிறது. மூன்று மாதங்கள் அதே பயிற்சி. பிறகு குறி பார்த்தல். வீழ்த்தவேண்டிய பந்துக்குப் பின்னால், குழிக்கு நேர் எதிரே, அதனைத் தொட்டுக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பந்தொன்று இருப்பதாகக் கொண்டு, வெள்ளைப் பந்தை அந்த இடத்துக்கு அனுப்பவேண்டும். நடுவுக்கு மேலே அடித்தால் வெள்ளை தொடர்ந்து ஓடும். கீழே அடித்தால் மோதிப் பின்வாங்கும். பக்கவாட்டில் அடித்துச் சுழற்றும் வித்தையை இன்னும் சில காலம் நினையாதிருக்கும்படி அன்பர் கட்டளை. எழுத்துப் படிக்குமுன் யமகம் பாடக்கூடாது என்று நான் அவருக்குச் சொன்னதை எனக்கே திருப்பித் தந்தார்.

இவ்வளவும் பழகியும் பத்துக்கு மூன்றுதான் விழுந்தன. சென்ற மாதம் தந்தையாரை அழைத்துச் சென்றேன். எண்பத்து நான்கு வயது. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த அறைக்குள் வந்தவர், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பழக்கம் போலப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். நான் நான்கு முறை தவறினேன். அவர், பந்து ஓடி நிற்கும்வரை தலையைத் தூக்காதே, நீ விழுகிறதா என்று பார்க்கத் தூக்குகிறாய், அதனால்தான் விழவில்லை என்றார். ஐந்தாவது விழுந்தது. கோலை அவரிடம் நீட்டினேன். வாங்கி, அதன் நுனியில் நிதானமாகச் சுண்ணம் தேய்த்து, குனிந்து, இடக்கை விரல்களை மேசைமேல் ஊன்றினார். கை நடுங்கியது. நெடுநேரம் குறி பார்த்தார். பின்பு அடிக்காமலே நிமிர்ந்து, உள்ளங்கையால் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஈரம் ஏறியிருக்கிறது, இதில் பந்து ஓடாது, அடுத்த கிழமை இஸ்திரிப் பெட்டி கொண்டுவரச் சொல் என்றார்.