ஜெய்பால் சிங் முண்டா

நம் விடுதியில் ஜார்க்கண்டைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஹாக்கி ஆடுவார். அவர் அறைச் சுவரில் இருந்த படத்தைக் கண்டு, யார் என்று கேட்டேன். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்தியக் கோஷ்டியின் தலைவர் ஜெய்பால் சிங் என்றார். இறுதி ஆட்டத்திற்கு முன்பே அவர் கோஷ்டியை விட்டு விலகிவிட்டார் என்பது தனிக் கதை.

ராஞ்சி ஜில்லாவில், முண்டா குடும்பத்தில் 1903-ல் பிறந்தவர். பாதிரியார் ஒருவர் ஆதரவில் ஆக்ஸ்போர்டு சென்று படித்தார். ஐ.சி.எஸ். பதவி கைக்கெட்டியும் ஹாக்கி அதை நழுவச் செய்தது. ஆப்பிரிக்காவிலும் ராய்ப்பூரிலும் ஆசிரியராக இருந்துவிட்டு, 1939-ல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார்.

அன்பர்களே, என் மனத்தைத் தொட்டது அவர் ஆடிய வேறோர் ஆட்டம். அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினரான அவர், தக்கர் பாபா தலைமையில் பழங்குடிப் பகுதிகளை ஆராய்ந்த உபகுழுவிலும் இருந்தார். பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. 1948 நகல் சட்டத்தில் அக்குழுவின் சொல்லுக்குக் கவர்னர் கட்டுப்பட வேண்டும் என்றிருந்தது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்திய ஐந்தாம் அட்டவணையில் அந்தப் பல் பிடுங்கப்பட்டது. கவர்னர் கேட்டதற்கு மட்டுமே குழு யோசனை சொல்லலாம். கூட்டம் நடத்தும் விதிகளை வகுப்பவரும் அவரே! நிலம், வட்டிக் கடன் பற்றி ஒழுங்குவிதி செய்யுமுன் குழுவைக் கலக்க வேண்டும் என்ற ஒன்றுதான் மிஞ்சியது. ஜெய்பால் சிங் எழுந்து ஆட்சேபித்தார், பலிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவி செய்யுமுன் பழையதைப் பிரித்துப் பார்ப்போம். இதையும் அப்படிப் பார்த்தேன். அங்கத்தினர் 20 பேருக்கு மேற்படக் கூடாது. முக்கால்வாசிப் பேர் சட்டசபையில் உள்ள பழங்குடிப் பிரதிநிதிகள். கட்சிக் கட்டளைக்கு அடங்கியவர் கட்சியின் அரசுக்கு எவ்வளவு தூரம் கசப்பான யோசனை சொல்வார்? பல மாநிலங்களில் முதலமைச்சரே தலைவராகவும் வீற்றிருக்கிறார். கேட்கிறவரும் சொல்கிறவரும் ஒருவரே ஆனால் குழு எதற்கு? இனி அமைப்போர் எதைப் பேசுவது என்று தீர்மானிக்கும் உரிமையையாவது குழுவிடமே விடவேண்டும் என்பது என் எண்ணம்.

ஜெய்பால் சிங் பிறகு ஜார்க்கண்ட் கட்சியை நடத்தி, 1963-ல் அதைக் காங்கிரஸில் இணைத்தார். அதைப் பலர் மன்னிக்கவில்லை. 1970-ல் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000-ல்தான் பிறந்தது.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு குழு உண்டா என்று நண்பர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாத நம் மாநிலத்திலும் ஒன்று உண்டு.