சௌமியமூர்த்தி தொண்டமான்

சௌமியமூர்த்தி தொண்டமான் (ஆகஸ்டு 30, 1913 - அக்டோபர் 30, 1999) இலங்கை மலையகத் தமிழரின் அரசியல், தொழிற்சங்கத் தலைவர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர். 1978 முதல் இறக்கும் வரை இலங்கை அமைச்சரவையில் இடம்பெற்றவர்.

இளமைக் காலம்

தமிழ்நாட்டின் சிவகங்கைப் பகுதியிலுள்ள மூனாப்புதூரில் பிறந்தார். தந்தை கருப்பையா இலங்கைக்குத் தொழிலாளியாகச் சென்று, கங்காணியாக உயர்ந்து, இறம்பொடைக்கு அருகிலுள்ள வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். தந்தை தோட்டத்திலும் குடும்பம் ஊரிலுமாக வாழ்ந்தது அக்காலத்தில் புதுமையன்று. தொண்டமான் தமது 11ஆவது வயதில், 1924இல், தந்தையிடம் வந்து சேர்ந்தார். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் கல்வி கற்றார். 1932இல் கோதையை மணந்தார்.

தோட்ட உரிமையாளரின் மகன் தோட்டத் தொழிலாளரின் தலைவரானது இவர் வாழ்வின் முரண்களுள் ஒன்று; இடதுசாரிகள் இதனை இறுதிவரை குறை கூறினர்.

அரசியல் நுழைவு

1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரசு உருவானது. அதன் கம்பளைக் கிளை வழியே பொதுவாழ்வில் நுழைந்த தொண்டமான், 1945இல் காங்கிரசின் தலைவரானார். 1947 பொதுத்தேர்தலில் நுவரெலியா தொகுதியில் வென்றார். தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட மலையகத் தொகுதிகள் பலவற்றில் காங்கிரசு வேட்பாளர்கள் வெற்றிபெற்றனர்.

குடியுரிமைச் சட்டங்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் நிலையை மாற்றியது. வம்சாவளிக் குடியுரிமை பெற விரும்பியவர் தம் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பேறுகாலத்திற்குப் பெண்கள் பலர் தாய்வீட்டிற்கு, அதாவது இந்தியாவிற்கு, அனுப்பப்பட்ட சமூகத்தில் இது எளிதாக நிறைவேறக் கூடியதன்று. தோட்டத்திலேயே பிறந்தவர்களிடமும் பதிவுச் சான்றுகள் பெரும்பாலும் இருக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழியைத் தந்தது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் 1946 சனவரி 1க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேற்பட்ட இடைவெளி அத்தொடர்ச்சியை முறித்தது. ஊரில் திருமணம், நோய், நிலத்தகராறு என்று சென்று தங்கியவர்கள் இவ்விதியில் சிக்கினர். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே தவணை. காங்கிரசு முதலில் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லி, தவணை முடியும் தறுவாயிலேயே விண்ணப்பிக்கும்படி கூறியது. தொண்டமானின் அரசியலில் மிகுந்த இழப்பை விளைவித்த முடிவு இதுவே எனலாம்.

அதே ஆண்டில் வாக்குரிமையும் குடிமக்களுக்கு மட்டும் என்றானதால், 1952 தேர்தலில் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க இயலவில்லை. அவ்வாண்டு தொண்டமான் கொழும்பில் சத்தியாக்கிரகத்தை நடத்தினார். 1956இல் அ. அசீசு பிரிந்து சென்று சனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார்.

சிறிமா - சாத்திரி ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், நாடற்ற 9,75,000 பேரைக் கணக்கிட்டுப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவெடுப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தொண்டமான் அப்போது நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்தும், மக்களின் விருப்பத்தைக் கேளாமல் செய்யப்பட்ட ஏற்பாடு என்று இதனை எதிர்த்தார்.

வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்ததால், பெற்றோர் ஒரு நாட்டிற்கும் பிள்ளைகள் மறு நாட்டிற்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கிப் பின்னர் வெவ்வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டன. இலங்கையில் இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் இங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றதால் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்களும் பலர் தோட்டங்களிலேயே தங்க நேர்ந்தது.

அமைச்சராக

1972இல் தமிழர் கூட்டணியில் சேர்ந்த தொண்டமான், தனிநாட்டுக் கோரிக்கையில் உடன்படாது விலகி நின்றார். வடக்கு, கிழக்கிற்கு வெளியே சிதறி வாழும் தம் மக்களுக்கு அது பொருந்தாதென அவர் கருதினார். 1977இல் நுவரெலியா - மசுகெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகி, மறு ஆண்டு கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார்.

1986 பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் ஒன்றை அறிவித்தார். தொழிலாளர் காலையில் வழிபாடு செய்துவிட்டே வேலைக்குச் செல்வர். பெயரளவில் வேலைநிறுத்தமன்று, ஆனால் தோட்டங்கள் இயங்கவில்லை. அமைச்சர் ஒருவரே தம் அரசுக்கு எதிராக இவ்வாறு செய்தது விந்தையே. அரசு இணங்கி, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டமியற்றியது. 1988இல் மேலும் ஒரு சட்டம் வந்தது.

மறைவும் அதன்பின்பும்

தொண்டமான் 1999 அக்டோபர் 30இல், ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 35 ஆண்டுகள் நிறைவடைந்த நாளில், காலமானார். பேரன் ஆறுமுகன் தொண்டமான் (இறப்பு 2020) காங்கிரசின் தலைமையை ஏற்றார். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. போரினால் இந்தியாவிற்கு அகதிகளாகச் சென்றோரை உள்ளடக்க அச்சட்டம் 2009இல் திருத்தப்பட்டது.