வாடகையை அறமாக்கிய வள்ளல் தானவீரர் சேட் மாணிக்சந்த்

இல்லறத்தில் வாழும் சிராவகர்க்குப் பொருளீட்டலும் ஒரு கடமையே. ஆயினும் ஈட்டும் பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, எஞ்சியதை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களில் செலுத்த வேண்டும் என்பது நம் முன்னோர் காட்டிய நெறி. தாம் வாழ்ந்த நாளில் தானம் செய்தோர் பலர். தம் மறைவுக்குப் பின்னரும் அத்தானம் தடைப்படாதிருக்க வழிவகுத்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், பம்பாயில் வாழ்ந்த சேட் மாணிக்சந்த் ஹீராசந்த்.

ஏற்காட்டு மலையில் வாழும் நமக்கு வருவாயின் ஏற்றத்தாழ்வு நன்கு தெரியும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அன்றுமுதல் இம்மலையில் பலருடைய வாழ்வு, ஆண்டுக்கொருமுறை பழம் பறிக்கும் பருவத்தையே நம்பியுள்ளது. விடுதி அறைகளும் கோடை விழா நடைபெறும் மே மாதத்தில் நிரம்பி, மழைக்காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் பசி பருவம் பார்த்து வருவதில்லை. ஆகவே ஓர் அறநிலையத்தை நடத்தத் திங்கள்தோறும் தவறாது வரும் வருவாய் வேண்டும். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் மாணிக்சந்த்.

அவர் 1851-ஆம் ஆண்டு சூரத் நகரில் திகம்பர ஜைனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஹீராசந்த் குமான்ஜி. இளமையிலேயே பம்பாய் சென்று, உடன்பிறந்தோருடன் முத்து வணிகத்தில் ஈடுபட்டார். பாரசீக வளைகுடாவில் குளிக்கப்பட்ட முத்துகள் அந்நாளில் பம்பாய்ச் சந்தைக்கு வந்து, ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. உழைப்பாலும் நாணயத்தாலும் அவர்கள் நிறுவனம் பெரும்புகழ் பெற்றது.

அவர் சிறுவராக இருந்த காலத்தில் பம்பாயைப் பேராசைப் புயல் ஒன்று அலைக்கழித்தது. 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பெருகிய பணம் பங்குச் சூதாட்டத்தில் பாய்ந்தது. 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. வங்கிகளும் வணிகர்களும் ஒருசேரச் சரிந்தனர். அக்காலப் பெருவணிகரும் ராஜாபாய் கோபுரம் எழக் காரணமான கொடையாளருமான பிரேம்சந்த் ராய்சந்தும் அவ்வீழ்ச்சிக்குத் தப்பவில்லை.

மாணிக்சந்த் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி கல்லும் சுண்ணாம்புமாக உருப்பெற்றது. அந்நாளில், சிற்றூர்களிலிருந்து உயர்கல்விக்காகப் பம்பாய் வந்த ஜைன மாணவர்கள், இரவில் உண்ணாமை முதலிய நோன்புகளைக் காத்துக்கொண்டு தங்குவதற்கு இடமின்றித் தவித்தனர். அவர்களுக்காகத் தந்தையார் பெயரால் 1900-ஆம் ஆண்டு ஒரு மாணவர் விடுதியை நிறுவினார். யாத்திரிகர்களுக்காகச் சி.பி. டேங்க் அருகே 1905-இல் ஹீராபாக் தர்மசாலையை எழுப்பினார். அவர் மறைந்த பின், 1915 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளுக்கு வரவேற்பு நிகழ்ந்ததும் இந்த ஹீராபாகில்தான். நாடெங்கும் உள்ள புனிதத் தலங்களைப் பேணத் தோன்றிய தீர்த்தக்ஷேத்திரக் கமிட்டிக்கும் அவரே தூணாக நின்றார்.

விடுதியும் தர்மசாலையும் செலவுக்குரியவை. அச்செலவுக்கு வரவு எங்கே? தார்தேவ் பகுதியிலிருந்த ஜூபிலி பாக் என்னும் சொத்தை அறத்துக்கென எழுதி வைத்தார். அதன் வாடகை வருவாய் கல்வி உதவி முதலிய நற்பணிகளுக்குச் செல்ல வழி செய்தார். முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் வழங்குவதே இம்முறையின் உயிர்நாடி.

வாடகை முழுவதும் வருவாயாகிவிடாது என்பதையும் நாம் அறிய வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வாடகை எனில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 1,10,000. வரிக்கும் பழுதுபார்ப்புக்கும் 20,000 ஒதுக்கினால் எஞ்சுவது 90,000. அதுவே தானத்துக்குரிய தொகை. பழுதுபார்ப்புப் பணத்தையும் சேர்த்து வழங்கிவிட்டால், கட்டடம் இடியும்போது தானமும் இடியும்.

செல்வம் தடுக்க இயலாத துயரமும் அவர் இல்லத்தில் நுழைந்தது. மகள் மகன்பாய் இளவயதிலேயே கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி அவரை மூலையில் அமர்த்தாமல், கல்வி கற்பித்து ஊக்குவித்தார் தந்தை. அப்பெண்மணியே பின்னர் பம்பாயில் சிராவிகாசிரமம் கண்டு, ஆதரவற்ற பெண்டிர் பலருக்குக் கல்வி வழங்கி, 1930-இல் மறைந்தார். தந்தை எழுப்பிய கட்டடங்கள் அனைத்தினும் உயர்ந்தது இம்மகளின் வாழ்வே எனலாம்.

மாணிக்சந்த் 1914 ஜூலையில் காலமானார். அவர் பெயரால் மறு ஆண்டே தொடங்கிய நூல்வரிசை, நாதூராம் பிரேமியின் முயற்சியால் அரிய சமஸ்கிருத, பிராகிருத ஜைன நூல்களை அச்சேற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தையை நிறைக்க, வளைகுடா முத்து வணிகம் நிலைகுலைந்தது. முத்துகளை மட்டுமே நம்பி அறம் வைத்திருந்தால் அது என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாடகைச் சொத்துக்கும் சோதனை உண்டு. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தால், பழைய வாடகைகள் 1940-ஆம் ஆண்டு அளவிலேயே பல்லாண்டுகள் உறைந்து நின்றன. விலைவாசி ஏற ஏற, அவ்வாடகையின் மதிப்புத் தேய்ந்தது. ஆதலால் அறநிலையச் சொத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது; கணக்கைப் பார்த்து, காலத்துக்கேற்ப ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, கூரையையும் சுவரையும் காக்கும் பொறுப்பாளர்கள் தலைமுறைதோறும் வேண்டும்.

நம் ஊர்களிலும் ஜினாலயங்களுக்கென முன்னோர் விட்டுச்சென்ற வீடுகளும் மனைகளும் உள்ளன. அவற்றின் வரவு செலவை ஆண்டுக்கொருமுறை சபையில் படித்துக் காட்டுவது நம் கடமை. ஒரு வீட்டின் ஒரு மாத வாடகையை ஓர் ஏழை மாணவனின் படிப்புக்கு ஒதுக்குவது நம்மில் பலரால் இயலும். அந்த அளவில் தொடங்குவதே தானவீரருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.